குடிலில் குழந்தையைக் காணோம்!

"குழந்தை மட்டும் தனியா கிடைக்குமா?"

கடையில் போய் இப்படி ஒரு கேள்வியை நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், புதுக்கோட்டையில், நிற்க இடமில்லாத ஒரு ஃபேன்சி ஸ்டோரில். பக்கத்தில் சீரியல் பல்பு வாங்கிக்கொண்டிருந்த பெண்மணி சட்டென்று திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கடைக்காரர் மட்டும் அசரவே இல்லை. "தனியா வராதுங்க. அம்மா, அப்பா, ஆடு, மாடு எல்லாம் சேர்ந்து செட்டாத்தான் வரும்" என்றார்.

எந்தக் குடும்பத்திலும் அப்படித்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மருமகள் ஸ்டெல்லாவுக்குச் சொந்த ஊர் கீரனூர்ப் பக்கம். அவளும் என் மகன் கார்த்தியும் திருச்சியில் ஒரே ஆபீஸ். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு நல்லபடியாகவே கல்யாணத்தை நடத்தி வைத்தோம். போன வருஷம் தலை கிறிஸ்துமஸ் அவள் அம்மா வீட்டில். இந்த வருஷம் அன்னவாசலில், எல்லோரும் ஒன்றாக இருக்கும் எங்கள் வீட்டில். சம்பந்தியம்மா குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

முதல் சிக்கல் சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கிறிஸ்துமஸ் என்றால் பிரியாணி. மாலை போட்ட வீட்டிலோ முட்டைகூட உடைக்க முடியாது. சம்பந்தியம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? ஒரு வாரம் மென்று முழுங்கிவிட்டு, ஒருவழியாகப் போன் போட்டு இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"அட, இதுக்கா இம்புட்டு யோசிச்சீங்க? சாமி மலைக்குப் போயிட்டு வரட்டும், பொங்கல் கழிச்சுப் பிரியாணியைப் பாத்துக்குவோம். நீங்க நெய்ச்சோறும் வடையும் போடுங்க. முட்டை போடாத கேக்கு நான் கொண்டாரேன்" என்றார். அவ்வளவுதான் விஷயம். இதற்காகவா நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன்?

ஆனால் ஒரு கவலை தீர்ந்தால் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ள வேண்டாமா... வந்தது.

ஒரு வாரத்துக்கு முன்பே ஸ்டெல்லா ஹாலில் குடில் வைத்துவிட்டாள். வைக்கோல் கூரை, மாதா, அவர் கணவர் சூசையப்பர், இடையர்கள், மாடு, கழுதை எல்லாம் அவரவர் இடத்தில் இருந்தன. நடுவில் ஒரு குட்டித் தொட்டில் மட்டும் காலி.

"குழந்தை எங்கம்மா?" என்று கேட்டேன்.

"இன்னும் பொறக்கலையே அத்தை! இருபத்தி நாலாந்தேதி ராத்திரி மாதா கோயில்ல பூசை முடிஞ்சு வந்துதான் வைப்போம். அதுவரைக்கும் பெட்டிக்குள்ளதான் இருக்கும்."

எனக்கு அது புதுசாக இருந்தது. எங்கள் பக்கம் கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து குட்டிக் குட்டிப் பாதம் போட்டுக் கிருஷ்ணரை வரவேற்போம். ஆனால் அவரோ வருஷம் முழுக்கப் பூஜை ரூமில் வெண்ணெய்க் குடத்தோடு தவழ்ந்துகொண்டிருப்பார். ஏற்கெனவே வீட்டில் இருப்பவரை வாசலிலிருந்து அழைத்து வருவதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. இவர்கள் வீட்டில் பிறக்கும்வரை காத்திருக்கிறார்கள். காலித் தொட்டிலைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. என் வீட்டுக்காரரும் அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அந்தக் குழந்தைச் சொரூபம் சாதாரணமானது இல்லை. சம்பந்தியம்மா கல்யாணமாகி வந்தபோது தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சின்ன வயதில் ஸ்டெல்லா கீழே போட்டதில் இடது கால் கட்டைவிரல் கொஞ்சம் உடைந்திருக்கும். இப்போது மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

இருபத்தி நாலாம் தேதி காலையில் பழைய பேப்பர்காரர் வந்தார். விருந்தாளி வரும் வீடாயிற்றே என்று மாடிப்படிக்கு அடியில் அடைந்து கிடந்த அட்டைப் பெட்டிகளை எல்லாம் அள்ளிப் போட்டேன். வீடு பளிச்சென்று ஆனது. என்னை நானே மெச்சிக்கொண்டு காபி குடித்தேன்.

பதினோரு மணி வாக்கில் ஸ்டெல்லா வந்தாள். "அத்தை, மாடிப்படிக்கு அடியில ஒரு சின்னப் பெட்டி வச்சிருந்தேனே... பாத்தீங்களா?"

காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அதன்பிறகு நான் ஓடிய ஓட்டத்தைக் கேட்காதீர்கள். பேப்பர் கடை எங்கள் தெருக்கோடியில்தான். மலையாகக் கிடந்த அட்டைகளுக்குள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். பெட்டி கிடைத்தது! திறந்தால் உள்ளே கொஞ்சம் வைக்கோல் மட்டும் இருந்தது. குழந்தை இல்லை. வண்டியில் ஏற்றும்போது எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். தெரு முழுக்கக் குனிந்தபடியே தேடிக்கொண்டு வீடு திரும்பினேன். பிறகு நானும் ஸ்டெல்லாவும் வீட்டையும் ஒருமுறை அலசினோம்.

ஸ்டெல்லா அழவில்லை. கோபப்படவும் இல்லை. "பரவாயில்லை அத்தை" என்றாள்.

அந்த 'பரவாயில்லை' இருக்கிறதே... நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நாளைக்குச் சம்பந்தியம்மா உள்ளே நுழைந்ததும் குடிலைத்தானே பார்ப்பார்? அதைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். 'என் சாமிக்கு இந்த வீட்டில் இவ்வளவுதான் மரியாதை' என்று இந்தப் பெண் மனதுக்குள் நினைத்துவிட்டால்? அதை எந்தக் கடையில் வாங்கி ஒட்டவைப்பது?

வீட்டுக்காரரிடம் கேட்கலாம் என்றால் அவர் குடுமியான்மலையில் ஒரு சாமி வீட்டுப் பூஜைக்குப் போயிருந்தார். போன் போட்டேன். ஹாலிலேயே மணி அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறார். ஸ்டெல்லாவுக்குத்தான் லீவு, கார்த்தி திருச்சி ஆபீஸில். அப்புறம் என்ன, பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். அங்கே கேட்டதுதான் முதல் வரியில் இருக்கும் கேள்வி.

வேறு வழியில்லாமல் முழு செட்டையே வாங்கிவந்தேன். அதிலும் ஒரு கோளாறு. புதுக் குழந்தை எங்கள் பழைய குடிலின் மாட்டை விடப் பெரிதாக இருந்தது! தொட்டிலுக்குள் கொள்ளவில்லை. முன்னால் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் படுக்க வைத்துப் பார்த்தோம். சூசையப்பரே பயந்துபோய் நிற்பதுபோல் இருந்தது.

"பரவாயில்லை அத்தை. இதையே வச்சுக்குவோம்" என்றாள். மறுபடியும் பரவாயில்லை!

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். விளக்கேற்றுவதற்காகக் குளித்துவிட்டு ஹாலைக் கடந்தவர், குடிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா ஸ்டெல்லா, ராத்திரிதான் பொறக்கும்னு சொன்ன? அதுக்குள்ள வச்சுட்ட?" என்றார். பிறகு குனிந்து நன்றாகப் பார்த்தார். "ஆமா, இது யாரு புதுசா? நம்ம புள்ள உள்ளல்ல இருக்கு!"

"உள்ளயா? எங்க உள்ள?" என்று கத்தியே விட்டேன்.

"பூஜை ரூம்லதான். வேற எங்க இருக்கும்?"

மாலை போட்ட நாளிலிருந்து அந்த அறை முழுக்க அவர் பொறுப்பு. கூட்டுவது, துடைப்பது, பூ மாற்றுவது எல்லாம் அவரேதான். அதனால் நான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஸ்டெல்லா? கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அந்த நிலைப்படியைத் தாண்டியதே இல்லை. வீடு முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தோம். அங்கே மட்டும் யாருக்கும் தேடத் தோன்றவில்லை.

போய்ப் பார்த்தால்... வெண்ணெய்க் கிருஷ்ணருக்குப் பக்கத்தில் ஒரு பட்டுத் துணி. அதன்மேல் உடைந்த கட்டைவிரலோடு நம் குழந்தை. நெற்றியில் சந்தனப் பொட்டு. எதிரே இரண்டு கல்கண்டு!

வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார். "பொறக்குறதுக்கு முன்னாடி வெளியில வைக்கக் கூடாதுன்னு ஸ்டெல்லா சொல்லுச்சு. சரி, அது அவங்க வழக்கம். அதுக்காகச் சாமிய செருப்பு கிடக்குற இடத்துல அட்டைப் பெட்டிக்குள்ளயா போட்டு வைக்கிறது? மார்கழிக் குளிரு வேற. அதான் உள்ள கொண்டாந்து படுக்க வச்சேன். ராத்திரிக்கு எடுத்துக் குடுக்கலாம்னு இருந்தேன்."

"இத வாயைத் திறந்து யார்கிட்டயாச்சும் சொல்ல மாட்டீங்களா?"

"யாரும் கேக்கலையே!"

ஸ்டெல்லா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். "மாமா... உள்ள வரலாமா?"

"ஒன் சாமி உள்ள படுத்திருக்கு, நீ என்ன வெளியில நின்னுக்கிட்டு கேக்குற? வா தாயி!"

அவள் உள்ளே போய் இரண்டு கையாலும் குழந்தையை எடுத்தாள். அப்போதுதான் அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. கூப்பிட்டால் சங்கடப்படுவாளோ என்று இத்தனை நாளும் நான் அவளைக் கூப்பிடவில்லை. நுழைந்தால் தப்பாக நினைப்பார்களோ என்று அவள் நுழையவில்லை. இவ்வளவு மரியாதை பார்த்ததற்கு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்! நிம்மதியாக அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி பூசை முடிந்து வந்து, முறைப்படி குழந்தை தொட்டிலுக்குப் போனது. அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தனப் பொட்டு உறைத்தது. "தொடைச்சிடவாம்மா? ஒங்கம்மா ஏதாச்சும் நெனச்சுக்கப் போறாங்க" என்றேன். ஸ்டெல்லா கொஞ்சம் யோசித்தாள். "இருக்கட்டும் அத்தை. மாமா ஆசையா வச்சது" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, மறுநாள் சம்பந்தியம்மா கேக் டப்பாவோடு நுழைந்து நேரே குடில் முன்னால் போய் நின்றபோது, அவள் முகத்திலும் ஈயாடவில்லை. நான் வடைச் சட்டியைக் கார்த்தியிடம் விட்டுவிட்டு ஓடிவந்தேன். சம்பந்தியம்மா குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு பொட்டு வச்சது?"

"நான்தாங்க" என்றார் என் வீட்டுக்காரர், கதவோரம் நின்றுகொண்டு.

"வச்சது வச்சீங்க... கண்ணுபடாம கன்னத்துலயும் ஒரு மைப்பொட்டு வச்சிருக்கலாம்ல? வர்றவுக போறவுக கண்ணெல்லாம் புள்ள மேலதான இருக்கும்!"

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். உடனே மை தேடினோம். காணோம்!

நான் நேரே பூஜை ரூமுக்குத்தான் போனேன்.