செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு கல்யாண மகால்

செஞ்சிக் கோட்டைக்கு வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வழியைக் கடைசியில் சொல்கிறேன். நான் முதலில் அங்கே போனது கோட்டையைப் பார்க்க அல்ல, மாமா மகள் சரோஜாவின் கல்யாணத்துக்கு. அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். காலை ஆறு மணிக்குச் சென்னையில் ஏறி, திண்டிவனத்தில் பஸ் மாறி, பதினொரு மணி வாக்கில் இறங்கினேன்.

மாமாவுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. வீட்டு வாசலில் பந்தல் முகப்பு பாதி எழும்பியிருந்தது. மூங்கிலும் பலகையும் வைத்து, நிலை மேல் நிலையாக, கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலைப் போலவே! கட்டிக்கொண்டிருந்தவர் காதர் பாய் என்ற தச்சர்.

கல்யாணத்துக்கு இரண்டே நாள் இருந்தது. அன்று மத்தியானம் மாப்பிள்ளையின் அண்ணன் தண்டபாணி ஏற்பாடுகளைப் பார்க்க வந்தார். சென்னையில் எலக்ட்ரிக் கான்ட்ராக்டர். முகப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மெட்ராஸில் இப்போது தட்டையான வளைவுதான், அதில்தான் கலர் பல்பு எடுப்பாக இருக்கும், இதைப் பிரித்துவிடுங்கள் என்றார். சம்பந்தி வீட்டார் சொன்னால் மறுக்க முடியுமா? உள்ளே அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

காதர் பாய் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஒரு தபா அந்த மகால நேர்ல பாத்துட்டு வாங்க சார். அப்பவும் புடிக்கலன்னா நானே பிரிச்சுடறேன்."

தண்டபாணி, காதர் பாய், நான் மூவரும் ஜட்கா வண்டியில் போனோம். கோட்டை பக்கத்தில்தான், ஒரு மைல் சொச்சம். கல்யாண மகால் யாரோ ஒரு நாயக்க மன்னர் கட்டியது என்கிறார்கள். வெளியே இருந்த குளத்திலிருந்து குழாய் வழியாக ஆறாவது நிலை வரை தண்ணீர் ஏறியதாம். அதைக் கேட்டதும் தண்டபாணிக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. குறுகிய படிகளில் எங்களுக்கு முன்னால் ஏறினார். மேலே ஒரு வளைவைத் தடவியபடி நின்றார்.

"இது பள்ளிவாசல் வளைவு மாதிரி இருக்கே. உச்சி மட்டும் கோயில் மாதிரி?"

"ராஜாவுக்கு ரெண்டுமே புடிச்சிருக்குது சார். கட்டிட்டாரு," என்றார் காதர் பாய்.

வீடு திரும்பியதும் தண்டபாணி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஏணியில் ஏறினார். ஒவ்வொரு நிலையின் விளிம்பிலும் பல்பு வரிசையை அவரே கட்டினார். பிரிக்கும் பேச்சே எழவில்லை. சரோஜா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த வருஷம் போனபோது, கடைத்தெருவில் இரண்டு புது வீடுகளின் மாடிக் கைப்பிடிச் சுவர் அதே மாதிரி நிலை நிலையாக இருந்தது. பந்தலுக்கும் அதே முகப்பைத்தான் கேட்கிறார்களாம். ராஜா பேச்சை யாரும் எடுப்பதில்லை, ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் போட்டது மாதிரி வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள் என்றார் காதர் பாய். அந்த மன்னரும் எந்த ஊர் அரண்மனையிலோ விருந்தாளியாக நின்று அந்த வளைவின் மேல் ஆசைப்பட்டிருப்பாரோ என்று யோசித்தேன்.

இனி வழி. திண்டிவனத்திலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர், பஸ் உண்டு. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையோடு திரும்பிவிடாமல் கடைத்தெருவிலும் அண்ணாந்து பார்த்தபடி நடங்கள். அங்கே எது ராஜாவின் ஆசை, எது மாமாவின் ஆசை என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.