பெண் பார்க்கக் கிளம்பாத கார்

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அயோத்தியாப்பட்டணத்தில் பெண் வீட்டுக்குப் போய், பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இந்தப் பெண்ணோடு ஒரே ஒரு முறை போனில் பேசியிருந்தேன். இது அமைய வேண்டும் என்று எனக்கே ஆசை. புதுச்சத்திரம் பக்கத்தில் கோழிப்பண்ணையை ஒட்டியது எங்கள் வீடு. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். மணி இரண்டு. நான்கு நாளாக விடாத தூறல். கார் கிளம்பவில்லை.

கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இயற்பியல் வாத்தியாராகச் சேர்ந்த இரண்டாம் வருடம் அதை வாங்கினேன். படித்தவன் வாங்கிய வண்டி என்பதால், அதற்கு என்ன வந்தாலும் நானேதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றியது. ஆகவே பேட்டரி மேல் தப்பில்லை. பெட்ரோல் வாசம் மூக்கில் ஏறியது. ஆகவே பெட்ரோலும் வருகிறது. மிச்சம் தீப்பொறி.

"பேட்டரிதான் சாமி," என்றார் அப்பா.

"இல்லீங்கப்பா, செல்ஃப் நல்லாச் சுத்துதே."

"அப்ப பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டான்."

அப்பா பண்ணையில் சூப்பர்வைசர். வண்டி விஷயத்தில் வாயே திறக்காதவர். அன்றைக்கு மட்டும் மாற்றி மாற்றிக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பி, லாரி ஓட்டும் எங்கள் மாமா, புது வேட்டியை மடித்துக் கட்டினார். "மாப்ளே, நீ பாடம் நடத்தி முடிக்கறதுக்குள்ள அந்தப் புள்ள பேரன் பேத்தி எடுத்துரும். எறங்கித் தள்ளலாம் வா."

தள்ளினோம். கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மாமாவின் வேட்டிக்குச் சேற்றில் இன்னொரு கரை கிடைத்தது.

பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். தீப்பொறி விடும் பிளக்குகளுக்கு முறைவைத்துக் கரண்ட்டைப் பிரித்து அனுப்புகிற கறுப்பு மூடி அது. உள்ளே ஈரம் படிந்தால் கரண்ட் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. மெல்லிய ஈரம் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கவிழ்த்தால் தண்ணீர் சொட்டியது. பிளக் குழிகளிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. என்ஜினோ, நான் வாங்கிய நாளில்கூட இல்லாத பளபளப்பில் இருந்தது.

"அப்பா, இது மழத் தண்ணி இல்லீங்களே?"

அப்பா தென்னை மரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்களத்தான் கேக்கறான்," என்றார் அம்மா.

"ஒரே கோழித் தூசியாக் கெடந்துச்சு. பொண்ணு ஊட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க? காத்தால ஷெட்டு கழுவற பம்ப வெச்சு லேசா அடிச்சுட்டேன்."

"பொண்ணு ஊட்டுக்காரங்க பானெட்டையா தொறந்து பாப்பாங்க மச்சான்?" என்றார் மாமா.

"நானா இருந்தாப் பாப்பேன்," என்றார் அப்பா.

கோபித்துக்கொள்ள வாயெடுத்தேன். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

துணியால் துடைத்துப் பார்த்தேன். இடுக்குகளில் ஈரம் போகவில்லை. வெயில் கிடையாது. "காஞ்ச சூடு வேணும்," என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். "புரூடர்ல வெச்சுரலாமா சாமி?"

அந்த வாரம்தான் பண்ணைக்குப் புதுக் குஞ்சுகள் வந்திருந்தன. அவற்றுக்குச் சூடு கொடுக்கும் பெரிய பல்புகளைத்தான் சொன்னார். ஒயர்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் எழுதி ஒட்டி, எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். ஷெட் வாசலில் அப்பா தடுத்தார்.

"மருந்துத் தண்ணில கால நனைச்சுட்டு வா."

"புது ஷூங்கப்பா!"

"உன்ற ஷூவு புதுசுன்னு கோழிச் சீக்குக்குத் தெரியுமா?"

நனைத்தேன். பல்புக்கடியில் மூடியையும் ஒயர்களையும் வைத்தோம். குஞ்சுகள் மொத்தமாக வந்து சூழ்ந்துகொண்டு ஒயர் முனைகளைக் கொத்தின. ஒயருக்கு ஒரு கையாக நானும் அப்பாவும் குந்தி உட்கார்ந்து விரட்டினோம். வெளியிலிருந்து அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மணி சொல்லிக்கொண்டிருந்தார். மாமா, நான் சொன்னபடி பிளக் குழிகளைத் துணியால் ஒற்றி எடுத்தார்.

இருபது நிமிடத்தில் மூடி காய்ந்து சூடாக இருந்தது. எண் பார்த்து மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். ஒரு தரம் உறுமியது, இரண்டாம் தரம் பிடித்துக்கொண்டது.

"ஆப் பண்ணிராத மாப்ளே!" என்று கத்தியபடி மாமா ஏறினார்.

நாலே காலுக்குப் பெண் வீட்டு வாசலில் நிறுத்தினோம். தூறல் விடவில்லை. எனக்கு என்ஜினை நிறுத்தத் தைரியம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். காபி வந்தது. கொண்டுவந்தது அந்தப் பெண்தான். நான் தலை நிமிர்வதற்குள் அவள் தம்பி உள்ளே ஓடிவந்தான்.

"அண்ணா, உங்க கார் ஆன்லயே இருக்கு!"

"மறந்திருப்பான்," என்றார் அப்பா அவசரமாக.

அந்தப் பெண் என் விரல் நுனிகளில் இருந்த கரியைப் பார்த்தாள். "நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாதா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "சந்தேகந்தானுங்க," என்றேன். "காத்தால நாங்களே எஞ்சின் மேல தண்ணியடிச்சுட்டோம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப எதிர்ல மேட்டுல ஏத்தி நிறுத்துங்க. இறக்கத்துல உருட்டி விட்டுக்கலாம். மழை நாள்ல எங்கப்பா வண்டி அங்கதான் நிக்கும்."

தம்பி கைகாட்ட, காரை மேட்டில் ஏற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்து, என்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். உள்ளே அம்மா அவள் தலையில் பூ வைத்து முடித்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தெட்டு.

"என்னம்மா இது?"

"நீ கல்லுப் பொறுக்கீட்டு வர்ற வரைக்கும் ராகு காலம் காத்திருக்குமா? அந்தப் புள்ளயக் கேட்டேன், சம்மதம்னு சொல்லிருச்சு."

"என்னயக் கேக்கலையேம்மா?"

"உன்ற மூஞ்சியத்தான் நாங்க எல்லாரும் பாத்துட்டிருந்தமே," என்றார் அம்மா. "கையக் கழுவிட்டு உக்காந்து காபியக் குடி."