ஆளில்லாத தட்டு

குளிக்கப் போன இடத்தில் மீன் இருந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை, குளியல் தொட்டித் தண்ணீரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கொண்டிருந்தது. நான் தோளில் துண்டோடு நிற்கிறேன், அது என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடுகிறது. கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரம்மா பானி ஹலினாவிடம் கையாலேயே மீன் போல நீந்திக் காட்டினேன். பானி என்றால் போலந்து நாட்டில் அம்மா, மேடம் என்பது மாதிரி ஒரு மரியாதைச் சொல். ஆம்பிளைக்குப் பான். அந்தம்மா சிரித்துக்கொண்டே கைப்பேசியில் ஏதோ பேச, அது தமிழில் சொன்னது: "பான் கோலா, இரண்டு நாட்கள் பொறுங்கள். நாங்கள் மீனை உண்போம், பிறகு நீங்கள் குளிப்பீர்கள்." என் பெயர் கொளஞ்சி. அந்தம்மா வாயில் அது கோலா ஆகிவிட்டது. கம்பெனியிலும் அதே பெயர்தான். "ஐஸ் போட்டதா, போடாததா?" என்று தினமும் ஒருத்தன் கேட்பான். மீன் இருந்தால் இருக்கட்டும், நமக்கு வாளியும் மக்கும் புதுசா என்று வெந்நீர் பிடித்து ஓரமாக நின்று ஊற்றிக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாட்டுக்கு உயிர்க் கெண்டை வாங்கி இப்படித் தொட்டியில் விட்டு வைப்பது இங்கே பழைய வழக்கமாம். இப்போது எல்லாரும் செய்வதில்லை. பானி ஹலினா விடவில்லை.

விருத்தாசலத்தில் இருக்கிறவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். எனக்கும் கிறிஸ்துமஸ் என்றால் ஊரில் தெரிந்தது இரண்டுதான். ஒன்று, பீங்கான் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த அந்தோணி வீட்டு பிரியாணி. மார்கழியில் நான் கவிச்சி தொடமாட்டேன் என்று தெரிந்து, எனக்கு மட்டும் ஒரு தூக்கில் பாயசம் கொண்டுவருவான். "உன் சாமி கோச்சிக்காதுடா, குடி" என்பான். இன்னொன்று, ஐப்பசி பிறந்ததும் கம்பெனிக்கு வரும் குடில் பொம்மை வேலை. ஆவணியில் பிள்ளையார் ஊற்றின அதே கையால் ஆட்டுக்குட்டியும் மாடும் மூன்று ராசாவும் குழந்தையும் ஊற்றுவோம். அச்சைப் பிரித்தால் குழந்தை இரண்டு கையையும் விரித்தபடி வரும். சூளையில் வெந்து வந்ததும் விரலால் சுண்டிப் பார்த்துக் கீறல் இருக்கிறதா என்று காதால் கேட்டுத் தள்ளுவோம். எத்தனையோ குழந்தையை அப்படிச் சுண்டியிருக்கிறேன். அது எதன் மேல் படுத்திருந்தது, ஏன் பக்கத்தில் மாடு நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கைப்பழக்கம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. இங்கேயும் அச்சு, இங்கேயும் களிமண் கூழ். பொம்மைக்குப் பதில் வாஷ்பேசின், அவ்வளவுதான்.

மூன்று வருஷமாக இந்தம்மா வீட்டு மாடியறையில் இருக்கிறேன். மீனைப் பார்த்த அந்த முதல் கிறிஸ்துமஸுக்கே கூப்பிட்டார், எனக்கு ஷிப்டு. இரண்டாவது வருஷம் காய்ச்சல். போன வருஷம்தான் உட்கார்ந்தேன். விகிலியா என்று சொல்கிற அந்த நாளில் இவர்கள் விரதம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். காலையிலிருந்து சரியான சாப்பாடு கிடையாது, கறி கிடையாது. வானத்தில் முதல் வெள்ளி தெரிந்த பிறகுதான் கை நனைக்கலாம். கிறிஸ்துமஸ் என்றாலே பிரியாணி என்றிருந்த எனக்கு இதைக் கேட்டதும் அந்தம்மா மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது, நம் கிருத்திகை மாதிரிதானே என்று. மேசைத் துணிக்கடியில் வைக்கோல் பரப்பினார். குழந்தை படுத்தது வைக்கோலில்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆடு மாடு அன்று ராத்திரி மனுசர் மாதிரிப் பேசுமாம், அதை ஒட்டுக் கேட்கிறவனுக்கு நல்லதில்லையாம். காகிதம் போல் ஒரு மெல்லிய வெள்ளை அப்பம், ஒப்வாதெக் என்று பெயர், அதைப் பிட்டுப் பகிர்ந்துகொண்ட பிறகுதான் சாப்பாடு. முன்னெல்லாம் மாட்டுக்கென்று வண்ண அப்பமும் செய்வார்களாம். எல்லாவற்றையும் விட எனக்குள்ளே போய் உட்கார்ந்தது வேறு ஒன்று. அன்று காலையில் நாற்காலியில் உட்காருமுன் அந்தம்மா அதன் மேல் ஃபூ என்று ஊதினார். ஏன் என்று கேட்டதற்குச் சுவரில் தொங்கும் வீட்டுக்காரர் படத்தைக் காட்டினார். செத்தவர்கள் அன்றைக்கு வீட்டுக்கு வருவார்கள், தெரியாமல் அவர்கள் மேல் உட்கார்ந்துவிடக் கூடாது என்று இங்கே பழைய ஆட்கள் ஊதிவிட்டுத்தான் உட்காருவார்களாம்.

அந்தம்மாவுக்கு ஒரே பிள்ளை, மாரெக். நார்வேயில் வீடு கட்டும் வேலை. நான் வந்ததிலிருந்து அவனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகிறேன் என்பான், வரமாட்டான். போன வருஷம் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றே சொல்லியிருந்தான். அதிலிருந்து அந்தம்மா நடையே மாறிவிட்டது. அவன் அறையைத் துடைத்து, படுக்கை உறை மாற்றி, அவனுக்குப் பிடித்த கசகசா கேக்கை இரண்டு தரம் சுட்டார், முதல் தரம் தீய்ந்துபோனதால். மார் வலி வந்த ஆள். "இந்த வருடம் அவன் வரவில்லை என்றால் நான் இனிமேல் காத்திருக்க மாட்டேன்" என்று கைப்பேசி தமிழில் சொன்னபோது, அது சரியாகத்தான் சொல்கிறதா என்று இன்னொரு தரம் அழுத்திக் கேட்டேன். அதையேதான் சொன்னது.

அன்று மத்தியானம் அந்தம்மா பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினார், பிள்ளையைக் கூட்டிவர. போகும்போது என்னிடம் நாலு விரலைக் காட்டி, தட்டு வைக்கச் சொன்னார். அலமாரியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து வைத்தேன், பழக்கம் விடுமா. அவருக்கு ஒன்று, மாரெக்குக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நாலாவது யாருக்கு? சுவர்ப் படத்தைப் பார்த்தேன். நாற்காலியை ஊதினது ஞாபகம் வந்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நம் வீட்டில் ஆளில்லாமல் ஓர் இலை விழுந்தால் அது யாருக்கு என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் போடுகிறோமே, அதுதான் இதுவும் என்று, அந்தம்மா தனியாகக் கஷ்டப்பட வேண்டாமே என்று, நானே செய்துவிட்டேன். பீட்ரூட் சாறு, காளான், கோஸ், கசகசா என்று அடுப்படியில் இருந்ததிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அந்தத் தட்டில் வைத்தேன். ஒரு தம்ளர் தண்ணீர். மாடியிலிருந்து ஊதுபத்தி கொண்டுவந்து ஏற்றி, தண்ணீரை மூன்று தரம் சுற்றி விட்டு, எங்கள் ஊர்ப் பழமலைநாதரை நினைத்துக் கும்பிட்டேன். கண்ணை மூடினபோது என் அப்பாவே முன்னால் நிற்பது போல இருந்தது.

கதவு திறந்தது. அந்தம்மா தனியாகத்தான் வந்தார். தலைத்துணியில் பனி. வந்தவர் புகையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கைகூப்பி நிற்கும் என்னைப் பார்த்தார்.

"பான் கோலா, என்ன இது?"

நான் படத்தைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த நாலு போலிஷ் வார்த்தையில், "உங்க வீட்டுக்காரர். சாப்பாடு" என்றேன்.

கோபம் வரவில்லை. தலையை ஆட்டி ஆட்டி, இல்லை இல்லை என்று கைப்பேசியை எடுத்தார். "இது இறந்தவருக்கு அல்ல. இது வருகிறவருக்கு. வழிதவறிய பயணி, அந்நியர், யாராவது கதவைத் தட்டினால், அவருக்கு இடம் இருக்க வேண்டும்."

"யாராச்சும் வந்திருக்காங்களா?"

அந்தம்மா கோட்டைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "நான் சிறுமியாக இருந்ததிலிருந்து வைக்கிறேன். ஒருவரும் வந்ததில்லை." அதைச் சொல்லிச் சிரித்துவிட்டார். எனக்கும் வெட்கத்தில் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் ஊதுபத்திப் புகைக்கு நடுவில் நின்று சிரித்தோம்.

அப்போதுதான் மாரெக்கின் போன் வந்தது. அவன் பேசினதில் எனக்கு இரண்டு வார்த்தை புரிந்தது. 'நியே' என்றால் இல்லை. 'ப்ராத்சா' என்றால் வேலை. கம்பெனியில் முதலில் படித்துக்கொண்ட வார்த்தைகள் இவைதான். அந்தம்மா கேட்டுக்கொண்டே நின்றார். அழவில்லை, திட்டவில்லை. "நல்லது, நல்லது" என்று நாலைந்து தரம் சொல்லி வைத்துவிட்டார். பிறகு மேசைக்கு வந்து மாரெக்கின் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். அவன் நாற்காலியைச் சுவரோரம் தள்ளினார். நாலாவது தட்டு அப்படியே இருந்தது. அதையும் எடுக்கட்டுமா என்று சைகை காட்டினேன். என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அவன் வந்தால் இதில் சாப்பிடட்டும்" என்றது கைப்பேசி. "இனி அவன் விருந்தாளி."

உயிரோடு இருக்கிற பிள்ளையின் தட்டில் அல்லவா நான் படையல் போட்டு வைத்திருக்கிறேன். தெரியாமல் செய்ததுதான், ஆனாலும் சாமிக்கு முன்னால் நின்று செய்தேனே. அவசரமாகத் தட்டை எடுத்துப் போய், வைத்ததை எல்லாம் வழித்துச் சன்னலுக்கு வெளியே விளிம்பில் போட்டேன், காக்கைக்கு. இங்கேயும் ஒரு ஜாதிக் காக்கை உண்டு, கழுத்து சாம்பலாக இருக்கும். கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்தார். போட்டதெல்லாம் பனியில் விறைத்துப் போயிற்று. தட்டைச் சுடுதண்ணீரில் மூன்று தரம் கழுவித் திரும்ப வைத்தேன். சுத்தமாகத்தானே இருந்தது என்று அந்தம்மா முழித்தார். எப்படிச் சொல்வேன்? கைப்பேசியில் அதற்கு வார்த்தை இருந்திருக்கும். எனக்குத்தான் வாய் வரவில்லை.

நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வானம் மூடிக் கிடந்ததால் வெள்ளி தெரியவில்லை. சன்னலோரம் நின்று நின்று பார்த்துவிட்டு, இருக்கும், மேலே எங்காவது இருக்கும் என்று அந்தம்மாவே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தரம் நாற்காலியை ஊதவில்லை. அப்பத்தை நீட்டினார். நான் அவருடையதில் ஒரு துண்டு பிட்டேன், அவர் என்னுடையதில். பிட்டவர்கள் ஒருவருக்கொருவர் நல்லது சொல்ல வேண்டுமாம். அடுத்த வருஷம் என் பெண்டாட்டி பிள்ளை என்னோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்று சொன்னார். நான் தமிழிலேயே, "மாரெக் வரணும்மா, நல்லா இருக்கணும்" என்றேன். அவருக்கு மாரெக் என்ற பேர் மட்டும் புரிந்தது. அதற்குத் தலையசைக்காமல் சாற்றை ஊற்றினார். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. கூப்பிட்டு வந்தவன் நான், அதனால் அந்த வழிப்போக்கன் தட்டும் எனக்கில்லை. வீட்டுப் பிள்ளையும் இல்லை. வாடகைக்கு இருக்கிறவன். நம்மைப் போல வெளியே வந்து கிடக்கிறவர்களுக்கு இது புரியும்.

சாப்பிட்டு மேலே போய் வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே ஒன்பதரை மணி. என் பெண்டாட்டி செல்வி எடுத்தாள்.

"இன்னாங்க, சாப்ட்டீங்களா? மீனு துன்னீங்களா?"

"மார்கழியாச்சே. கோசும் காளானும்தான்."

"அந்தம்மா புள்ள வந்துச்சா?"

"வரல" என்றேன். தட்டுச் சங்கதி முழுவதும் சொன்னேன். படையல் போட்டதைச் சொன்னபோது, "ஐயய்யோ, இன்னா வேல பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்று பதறினாள்.

"ஒன்னு சொன்னா மனசு கஷ்டப்படக் கூடாது" என்றாள். "தீவாளி அன்னிக்கு பாப்பா ஒங்களுக்கும் ஒரு எல போட்டுட்டா. அப்பா எலன்னு சொல்லி தண்ணி கூட வச்சிட்டா. நான் பாத்துட்டு வெடுக்குனு எடுத்துட்டேன். ஆளில்லாம எல போட்டா இன்னா அர்த்தம்? அவளுக்கு இன்னா தெரியும். அழுதுகினே குந்தியிருந்தா."

"எல போட்டா போட்டுட்டுப் போவுது செல்வி."

"போவுதா? இன்னாங்க பேசறீங்க. ஒங்க பங்க எடுத்து எஞ்சோத்தோட சேத்து நானே துன்னுட்டேன். மறுநாளு மணவாளநல்லூர் கோயிலுக்குப் போயி, எம்புருசன ஊரு கொண்டாந்து சேருன்னு கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டிட்டு வந்தேன். எப்பங்க வருவீங்க?"

இங்கே வேலை பார்க்கத் தரும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். அது வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடமாட்டார்கள். அவர்களை இங்கே கூட்டிவரவும் இன்னும் வழியில்லை. "அடுத்த வருசம்" என்றேன். மாரெக்கும் இந்தக் குரலில்தான் சொல்லியிருப்பான். "ம்" என்றாள். அந்த 'ம்' எனக்குத் தெரியும். கொஞ்சம் முன்னால் கீழே ஒரு அம்மா "நல்லது, நல்லது" என்று சொல்லிக் கேட்டதுதான்.

பொங்கல் வந்தது. அன்றைக்கு எனக்கு மத்தியான ஷிப்டு. காலையில் சின்ன அடுப்பில் பச்சரிசி போட்டு, பால் பொங்கினதும் தனியாளாகப் பொங்கலோ பொங்கல் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை, கீழே அந்தம்மா தூங்கினார். சாமிக்குக் காட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து எனக்குத் தட்டு வைத்தேன். கை தானாகப் போய் இன்னும் இரண்டு தட்டை எடுத்தது, செல்விக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. கீழே வைக்கப் போனவன் நின்றுவிட்டேன். இந்த ஊர் வழக்கப்படி வைத்தால் அவர்கள் வரப்போகிறார்கள் என்று அர்த்தம். வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் வழக்கப்படி வைத்தால் என்ன அர்த்தம் என்பதை நினைக்கவும் கூடாது. சரி, அலமாரியில் வைத்துவிடலாம் என்று எழுந்தேன். மாரெக்கின் தட்டை அந்தம்மா எடுத்து வைத்த சத்தம் காதில் கேட்டது, அதுவும் முடியவில்லை. பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த இரண்டு தட்டையும் மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.