முரளி அண்ணன் தன் கைடிலேயே சிக்கிய சனிக்கிழமை

புரோகிராமர்களுக்கான கைடைப் புரியாத மாதிரி எழுதுகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. அடுத்தவர் தங்கள் மேஜை முன்னால் வந்து கைகட்டி நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்.

இதை நான் தெரிந்துகொண்டது திண்டுக்கல்லில், பூட்டுக்கடை மாடியில் இருந்த என் முதல் ஆபீசில். படியேறும்போதே பூட்டுக்குப் போடும் எண்ணெய் வாடை வரும்... மேலே யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும். காய்கறி மண்டிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம்.

புதிதாகச் சேர்கிறவர் முதலில் அதைத் தன் லேப்டாப்பில் ஓட வைக்க வேண்டும். சீனியர் முரளி அண்ணன் எழுதிய கைடு ஒன்று உண்டு. அதன்படி செய்தால் பாதியில் நின்றுவிடும். அவரைக் கூப்பிட வேண்டும். வருவார், சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகுவார், ஏதோ காப்பி செய்வார், உருவிக்கொண்டு போய்விடுவார்.

ஓடும். என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது.

ரஹ்மத் சேர்ந்த வாரம் அண்ணன் லீவு. கைடோடு தனியாகப் போராடினாள். மேனேஜர் வந்து நின்றார்.

"தமிழ் மீடியமாம்மா? இங்கிலீஷ்ல படிச்சுப் புரிஞ்சுக்க முடியலைன்னா இந்த வேலை சரிப்படாது. சனிக்கிழமையோட நிறுத்திக்கலாம்."

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் அவளுடைய அத்தா, மகளுக்கு கம்ப்யூட்டர் வேலை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்...

சனிக்கிழமை முரளி அண்ணன் வந்தார். அவருக்குப் புது லேப்டாப் வந்திருந்தது. மேனேஜர் இருக்கும்போதே கேட்டேன்.

"அண்ணே, உங்க கைடை மட்டும் பாத்து இதுல ஏத்துங்க."

"ஏத்தா, எனக்கே பரீட்சையா?" சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

கைடில் ரஹ்மத் சிக்கிய அதே இடத்தில் அவரும் சிக்கினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"பென்டிரைவ் கூடாதுண்ணே," என்றாள் ரஹ்மத். "கைடுல அது இல்லைல்ல."

"ஒரே ஒரு செட்டிங்ஸ் ஃபைல்தானத்தா விட்டுப்போச்சு."

"அந்த ஒரு ஃபைலுக்குத்தாண்ணே என்னைய வீட்டுக்குப் போகச் சொல்றாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் எல்லோருக்கும் டீ சொன்னார். ரஹ்மத்தை நிறுத்தும் பேச்சு அதோடு முடிந்தது.

கைடை ரஹ்மத்தே புதிதாக எழுதினாள், தமிழும் இங்கிலீஷுமாக. என்ன தட்ட வேண்டும், சரியாக நடந்தால் திரையில் என்ன வரும், வராவிட்டால் எங்கே பார்க்க வேண்டும்... எல்லாம். 'மிக எளிது' என்று இருந்த இடங்களையெல்லாம் வெட்டித் தள்ளினாள்.

அப்புறம் ஒரு வழக்கம் வந்தது. புதிதாக வருகிறவர் கைடோடு உட்காருவார். ரஹ்மத் பின்னால் உட்காருவாள், வாய் திறக்கக் கூடாது. வந்தவர் எங்கே திணறுகிறாரோ, அங்கே தப்பு கைடு மேல்.

தாடிக்கொம்பிலிருந்து வந்த செல்வி, முதல் நாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே திரும்பிப் பார்த்தாள்.

"ஓடிருச்சுக்கா. அடுத்து என்ன?"

ரஹ்மத் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயித்தோம்.

இப்போது எனக்குப் பெரிய கம்பெனியில் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. கைடுக்குப் பளபளப்பான பக்கங்கள், கேட்டால் பதில் சொல்ல ஏஐ. பாதியில் நின்றால் பழி மட்டும் இன்னும் நம் மேல்தான். பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார ஒரு ரஹ்மத் இல்லை...

பழைய ஆபீசில் இன்றும் அவள் எழுதிய கைடுதான். முதல் பக்கத்தில் எழுதியவர் என்று இன்னும் முரளி அண்ணன் பெயர்தான் இருக்கிறது. இன்று காலை பழைய ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டேன்: "அந்தப் பேரை எடுத்துட்டு ரஹ்மத் பேரைப் போடுங்க."

எல்லோரும் படித்துவிட்டதாக நீல டிக் விழுந்துவிட்டது. பேர் இன்னும் மாறவில்லை.