கோட்டு போட்டுக்கொண்டு வலை இழுத்த அண்ணன்

இஸ்திரிப் பெட்டிக்குள் கரி கனன்று, ஈரத் துணிமேல் ஊரும்போது ஒரு வாசனை வருமே, தோஸ்துகளே... மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் ராயபுரம் வீடு அந்த வாசனையில்தான் விடியும். நைனா தன் கையாலேயே சூசை அண்ணனின் கறுப்புக் கோட்டைத் தேய்த்து மாட்டுவார்.

போட்டுக்கொண்டு போக ஆபீஸ்தான் இல்லை!

எங்கள் தெருவில் அண்ணன்தான் முதல் காமர்ஸ் பட்டதாரி. ரயில்வே ஒர்க்ஷாப்பில் சுத்தியல் பிடிக்கும் நைனாவுக்கு ஒரே ஆசை... பிள்ளை பீச் ரோடு கப்பல் கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். கம்பெனிகளோ இருந்த ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. "வேல கெடைக்கிற வரைக்கும் பாரேன்" என்று மாதா கோயில் சாமியார் சொல்ல, காசிமேட்டு ஓலைக் கொட்டகையில் மீனவப் பிள்ளைகளுக்கு வாத்தியாராகப் போனார் அண்ணன்.

தங்கச்சி நான் சும்மா இருப்பேனா?

"பீச்சுக்குப் போறேன்னாரு, பீச்சுக்கே போய்ட்டாரு டோய்! காமர்ஸ் படிச்சிட்டு கம்முனு கீறாரு டோய்!"

அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். நைனா சிரிக்க மாட்டார்.

கரைவலை வந்தால் பள்ளிக்கூடம் காலி. கயிறு இழுக்கும் எந்தக் கைக்கும் மீன் பங்கு உண்டே! அதனால் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "வலை ஏறுது டோய்!" என்று கத்துவேன். மொத்த வகுப்பும் பிய்த்துக்கொண்டு ஓடும்... அண்ணன் சாக்குக்கட்டியோடு என்னைத் துரத்துவார். ஏமாந்த பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொண்டே திரும்பி வருவார்கள்.

யார் யார் காலையோ பிடித்து, ஒரு வழியாகக் கப்பல் கம்பெனியில் இடம் வாங்கிவிட்டார் நைனா. சேர வேண்டிய அன்று வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு முன்னாலேயே போய் கம்பெனி வாசலில் நின்றுவிட்டார். அண்ணன் கோட்டை மாட்டினார்.

"பசங்களாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டு டிராம் புடிக்கிறேன்."

நானும் கூடவே ஒட்டிக்கொண்டேன்.

கொட்டகையில் ஆளில்லை. அன்றைக்கு நிஜமாகவே வலை. பிள்ளைகள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சார், கனமா கீது சார்! ஒரு கை புடி சார்!"

எங்கள் கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கயிற்றில் கை வைத்தவன், வலையின் மீன் சேரும் மடி கரையேறும்வரை விடக் கூடாது. நடுவில் விட்டுப் போனவனுக்கு அப்புறம் அந்தக் கரையில் மரியாதை கிடையாது.

அண்ணன் தெற்கே, துறைமுகத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

கயிற்றைப் பிடித்தார்.

"அண்ணா, நைனா நிக்கிறாரு அங்க!" என்று கத்தினேன். நான் கத்தி யாரும் அசையாதது அதுதான் முதல் முறை.

மடி ஏறும்போது உச்சி வெயில். கோட்டு முழுக்க உப்புத் தண்ணீர்.

நைனா தட்டோடு வீடு திரும்பினார். இடம் வேறு ஒருவனுக்குப் போயிருந்தது.

"தெரிஞ்சிதானடா கை வெச்ச?"

"ஆமா, நைனா."

அதோடு சரி. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போனது.

சரி, அவர் ஆசைப்பட்ட பள்ளிக்கூடமாவது நிலைத்ததா? மீன்பாடு படுத்துவிட்டது. பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் துறைமுகத்துக்குக் கரி சுமக்கப் போய்விட்டார்கள். அப்போதெல்லாம் ஓடிய பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்... இப்போது போனவர்கள் போனவர்கள்தான்.

நேற்று, அண்ணனை எப்படியாவது சிரிக்க வைக்கலாமென்று, அதே கொட்டகைக்குப் பின்னால் நின்று கத்தினேன்.

"வலை ஏறுது டோய்!"

ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மட்டும் வெளியே வந்தார். கசங்கிப்போன அதே கோட்டு. என்னைத் துரத்தவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடற்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கடி?... பசங்க கீறாங்களா அங்க?"