ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றி எண்ணியது

“சக்கரம் ஒரு சுற்று, ஷாஃப்ட் இரண்டு” என்கிறது என் செவ்வாய்க்கிழமைக் குறிப்பு. என் ஆறு சிலிண்டர் காருக்குப் புத்தகப்படி, எஞ்சினிலிருந்து பின்னால் வரும் அந்தத் தண்டு நான்கு சுற்று. சுற்று குறைந்தால் எஞ்சின் அலறாமல் ஓடுமென்று, பழைய இரும்புக்கடையில் கிடந்த காரில் எண்ணிப் பார்த்து பின்சக்கரங்களைச் சுழற்றும் அந்த டிஃபரென்ஷியல் பல்சக்கரப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். மாட்டியபின் சின்னாளப்பட்டி தாண்டுவதற்குள் பழைய அலறல். எரிச்சலில் திரும்பி வந்து, பட்டறையில் எல்லோர் முன்னும், அதை மாட்டிய மெக்கானிக் சேவியரிடம், “பொருளை மாத்திட்டீங்க,” என்றேன்.

அவர் என் காரின் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கிச் சுற்றினார். “எண்ணுங்க சார்.” ஷாஃப்ட் இரண்டு சுற்று. பிறகு இரண்டு சக்கரங்களையும் தூக்கிச் சேர்த்துச் சுற்றினார். நான்கு.

“ஒத்த வீலு தரையில நின்னா பாதிதான் காட்டும். அம்புட்டையும் எழுதுறீங்க, எத்தனை வீலைத் தூக்குனீங்கன்னு எழுதலையா?”

மன்னிப்புக் கேட்டேன். அதற்குள், வண்டியை வேலைக்கு விட வந்த இருவர் அதைத் திருப்பிக்கொண்டு போயிருந்தார்கள். என் சொல்லை நம்பித்தான் போனார்களா என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.