வெயில் மேல் போட்ட பழி

நான் பொய் சொன்னேன். பழவேற்காட்டில் மீன்வலை விற்கும் காதர் பாயின் முகத்துக்கு நேரே, தெரிந்தே சொன்னேன்.

கும்மிடிப்பூண்டியில் நைலான் நூல் செய்யும் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நூலைக் கரைத்து, நுண்துளை மணிகள் அடைத்த குழாய்க்குள் செலுத்துவேன். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் துளைகளில் நுழைய முடியாமல் முதலில் வெளியே வரும். குட்டையானவை துளைதோறும் புகுந்து பின்தங்கி வரும். குட்டைகள் மிகுந்தால் நூலுக்குப் பலமில்லை. திரையில் விழும் வளைகோடு அதைக் காட்டிவிடும்.

ஒருநாள் மின்ரயிலைப் பிடிக்கும் அவசரம். புதிய லாட்டை, அதாவது அன்று வந்த நூல் தொகுதியை, சோதிக்காமலே, முந்தைய லாட்டின் வளைகோட்டை இணைத்துக் கையெழுத்திட்டேன். எவ்வளவு அற்பமான காரணம்!

அந்த நூலில் பின்னிய வலைகளை விற்றவர் காதர் பாய். சில மாதங்களில் அறுந்த துண்டுகளோடு வந்து நின்றார்.

"இன்னா சார் இது, தொட்டாலே பிஞ்சிக்கினு போவுது. என்னை நம்பி வாங்கினாங்க சார்."

சோதித்தேன். குட்டைச் சங்கிலிகள் குவிந்திருந்தன. வெயிலில் கிடந்தாலும் நைலான் அப்படி ஆகும். ஆகவே, ஆய்வக அலமாரியில் வெயிலே காணாமல் இருந்த அதே லாட்டின் மாதிரியையும் சோதித்தேன். அதே வளைகோடு. கெட்ட நூலை அனுப்பியவன் நான்.

"வெயில்ல போட்டு வெச்சிருக்கீங்க பாய்," என்றேன்.

அவர் முகம் வாடியது. "ஆமா சார், கடை வாசல்லதான் வெப்பேன். என் தப்புதான்." என் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்பும் கேட்டார்.

அதோடு விட்டிருந்தாலும்… மீனவர்களுக்கு வலையைக் காக்கும் விதத்தை நானே வந்து சொல்ல வேண்டும் என்று அடுத்த வாரம் அழைத்தார். போனேன். எந்த முகத்தோடு போனேன்?

நிழலின் அருமையை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மீனவர் எழுந்தார். "என் வலை பிரிக்காத கட்டு சார். ஊட்டுக்குள்ளதான் இருந்துச்சு. அதுவும் மொத இழுப்புலயே போச்சே?"

காதர் பாய்தான் பதில் சொன்னார். "கட்டாவே என் கடை வாசல்ல கெடந்துச்சுப்பா. தப்பு என்னுது. சார் படிச்சவரு, சொல்றதைக் கேளு."

அந்த மீனவர் உட்கார்ந்துவிட்டார். நான் பேச்சைத் தொடர்ந்தேன். மதியம் பாய் வீட்டில் இறால் குழம்பு. இரண்டாம் முறையும் சோறு வாங்கித் தின்றேன்… சீ.

அந்த மீனவர்களில் பலர் இப்போது அவர் கடைப்பக்கம் போவதில்லை. ஆனாலும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் காதர் பாய் இல்லை என்பதால்தானே இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிகிறது?